விசித்திரக் கதைக்கு மாதம் ஒரு பின்னேரம்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் நிருவாக சபையினருக்கு வணக்கம்.

குதிரைமுக இளவரசி கீரிமலையில் தீர்த்தமாடி முகம் மாறினாள் என்றுதான் மாவிட்டபுரத்தின் பெயருக்கே காரணம் சொல்கிறோம். அதே கீரிமலைக்குக் கீரிமுக முனிவர் ஒருவரும் உண்டு. இப்படிக் கதை படைத்த ஊர்களின் வாசிகசாலையில் பத்திரிகை மட்டும் விரிந்து கிடப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை. மாதத்தில் ஒரு பின்னேரத்தை விசித்திரக் கதைகளுக்குத் தாருங்கள்.

குடும்பக் கதை வாசித்தால் மூத்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிணற்றுக்குள் இன்னோர் ஊர் தெரிகிறது என்று கதை தொடங்கினாலோ, அந்த ஊருக்கு எவரும் போனதில்லை. ஓய்வுபெற்ற அதிபருக்கும் தரம் 9 பிள்ளைக்கும் அங்கே தெரிந்தது ஒரே அளவுதான். இருவரும் வாய் திறப்பார்கள்.

12 பேர் போதும். 15ஐத் தாண்டினால் பின்வரிசை ஒன்று உருவாகி, போனுக்குள் போய்விடும். கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். தலைமையுரை, பொன்னாடை வேண்டாம். கதை 1,500 சொற்களுக்குள் இருக்கட்டும், நிறுத்தி வாசிக்க 20 நிமிடம் வரை செல்லும். முதல்நாளே சத்தமாக வாசித்துப் பார்த்த ஒருவரே முழுவதையும் வாசிக்க வேண்டும். ஆள் மாறினால் கதை அறுந்துவிடும். கதைக்கு அலையத் தேவையில்லை. 1966இல் இங்கே தொடங்கிய மல்லிகை உட்பட ஈழத்துச் சஞ்சிகைகள் பல, நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

விசித்திர உரு வருகிற இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். ஆளுக்குப் பாதி ஏ4 தாள், ஒரு பென்சில், 7 நிமிடம். அழிறப்பர் கொடுக்கவே கூடாது. கொடுத்தால், வரையத் தெரியாதென்று கூசுபவர் 7 நிமிடமும் அழித்துக்கொண்டே இருப்பார். பெயர் எழுதாமல் தாள்களை நிலத்தில் பரப்புங்கள். குதிரைமுக இளவரசியென்றால், ஒருவர் பிடரிமயிரைப் பின்னி மல்லிகைப்பூ வைத்திருப்பார். இன்னொருவர் முகத்தையே விட்டுவிட்டு, கேணியைக் குனிந்து பார்க்கும் முதுகை மட்டும் வரைந்திருப்பார். அந்த முதுகை வரைந்தது யார் என்று எல்லாக் கண்களும் தேடும். இதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

பெரும்பாலும் கூட்டத்தைக் கெடுப்பது, "இதன் கருத்து என்ன?" என்ற கேள்வி. பரீட்சைப் பழக்கம் அது. கேட்டவுடன் சரியான விடை தெரியாதவர்கள் அடங்கிவிடுவார்கள். "எந்த இடத்தில் நம்பத் தொடங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேய்க்கதைகளாகவே எடுத்தாலும் சரிவராது, பயம் சிரிப்பில் முடிந்து பேச்சு மிஞ்சாது.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். காணாமற்போனவர் திரும்பி வரும் கதையென்றால், வட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அப்படிக் காத்திருக்கும் வீடுகள் இங்கே பல. வாசியுங்கள், ஆனால் வாசித்ததும் எவரையும் பேசச் சொல்லாமல், தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் ரியூசன் நேரத்தையும் தவிர்த்து நாள் குறியுங்கள். வரைந்த தாள்களைத் திகதியிட்டுக் கோப்பில் சேர்த்து, பத்திரிகை மேசையிலேயே வையுங்கள். அன்று வராதவர் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வருவார்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்து வாசகர்கள் சிலர்