மலையகப் பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுத்த சென்னைக்காரர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும்,

வணக்கம். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நீங்கள் படிக்கவைக்கும் பிள்ளைகளில் உயர்தரப் பரீட்சை (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒருவழியாக எல்லாப் பாடங்களையும் எழுதி முடித்துவிட்டார்கள். அங்குள்ள ஹட்டன் டவுனிலிருந்து செய்தி வந்ததும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பட்டியல் அயனாவரத்தில் ஆரம்பித்து மேடவாக்கம் வரை நீண்டது. அதனால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. தெருவையும் சங்கதியையும் வைத்து உங்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பரீட்சை லேசில் முடியவில்லை. 2025 நவம்பரில் அது நடந்துகொண்டிருந்தபோதே டிட்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை மலையாக மண் சரிந்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பரீட்சையைப் பாதியில் நிறுத்தி, மிச்சப் பாடங்களை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். விடுதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பாதை இல்லை. வீடு நிற்கிறதா என்று கேட்க போன் லைனும் இல்லை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இருந்த அரிசியையும் பருப்பையும் வைத்து அத்தனை பேருக்கும் சமாளித்தார். முதல் நன்றி அவருக்குத்தான், நீங்களும் ஆட்சேபிக்க மாட்டீர்கள்.

அதே புயலின் மிச்சம்தான் டிசம்பர் தொடக்கத்தில் சென்னையைப் பிடித்துக்கொண்டது. வடசென்னையில் தெருத்தெருவாகத் தண்ணீர். இந்த நேரத்தில் போய் யாரிடம் காசு கேட்பது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கொளத்தூரிலிருந்து ஒரு அம்மா தானாகவே கூப்பிட்டார். “எங்க வீட்டு மோட்டார் தண்ணியில போச்சு. அது கெடக்கட்டும், அங்க புள்ளைங்களுக்கு அரிசி இருக்கா?” என்றார். அடுத்த நாளே பாங்க்குக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டு, அந்த ரசீதைத்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டார். மோட்டாரை எப்போது சரிசெய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1945 முதலே இலவசக் கல்விதானே, பாடப்புத்தகமும் சீருடையும் அரசாங்கமே தருகிறதே, அப்புறம் நம் பணம் எதற்கு என்று பலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்ததே 1970-களில். இன்றைக்கும் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் கீழ் வகுப்புகளோடு நின்றுவிடும். உயிரியலும் கணிதமும் தமிழில் சொல்லிக்கொடுக்கும் உயர்தர வகுப்பு வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போக வேண்டும். அதற்கு பஸ் செலவு வேண்டும், அல்லது விடுதி. டியூஷன் இல்லாமல் அங்கே உயர்தரம் தேறுவது கஷ்டம். சப்பாத்து (ஷூ), கொப்பி (நோட்டு), மழைக்கோட்டு எல்லாம் தனிக்கணக்கு. 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாள்கூலியை 1,000 இலங்கை ரூபாய் ஆக்கியதே பெரிய போராட்டத்துக்குப் பிறகு. பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் எடை குறைந்தால் அதுவும் அரை நாள் கூலியாகிவிடும். லயம் என்கிற தோட்டக் குடியிருப்பு வரிசையில், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில், ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மட்டும் படிப்பது நடக்கிற காரியமா? விடுதிக் கட்டணம் என்று நீங்கள் கட்டுவதில் பெரும்பங்கு அந்த மேசைக்கும் விளக்குக்கும்தான் போகிறது.

அடுத்து அந்த பாங்க் மேடத்துக்கு. கிளையைச் சொன்னால் அவருக்குத் தொல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். தனிமனிதர் ஒருவர் தன் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் இடம் தருகிறது. ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை என்கிறது விதி. நமக்கு அதில் ஒரு ஓரம்கூட வேண்டாம். ஆனால் தொகை சின்னது என்பதற்காக ஏ2 படிவமும் பான் எண்ணும் சின்னதாகிவிடுவதில்லை. நம் ஆட்களில் பலர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது அதுதான் முதல் தடவை. பணம் எதற்காக என்று கேட்கும் “பர்ப்பஸ் கோட்” கட்டத்தில் ஒவ்வொருவரும் பேனாவைப் பிடித்தபடி உறைந்துபோக, அவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். மாதாமாதம் அனுப்பினால் இங்கே ஒரு கட்டணம், நடுவில் உள்ள பாங்க்கில் ஒரு பிடித்தம் என்று பாதி போய்விடும், வருஷத்துக்கு ஒரே தடவையாக அனுப்புங்கள் என்று சொன்னதும் அவர்தான். அந்த ஒரு யோசனையில் மிஞ்சிய தொகையில் ஒரு பிள்ளையின் டியூஷன் நடக்கிறது.

அப்படி நேராக வெளிநாட்டுக்குப் போகும் நன்கொடைக்கு, வருமான வரியில் நன்கொடையாளர்களுக்குத் தரும் 80ஜி சலுகை கிடையாது. இதைச் சொன்னதும் “அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்தவர்கள் உண்டு. அவர்கள் இன்னும் பேசவில்லை. பரவாயில்லை, அவரவர் நிலைமை அவரவருக்கு. வில்லிவாக்கத்து ஆடிட்டர் சாரோ, மற்றவர்களுக்குச் சலுகை கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டு, அன்று சாயந்திரமே தன் பங்கை அனுப்பினார். அவருடைய நகைச்சுவை அந்த மாதிரி.

இனி பெரம்பூர் அண்ணனைப் பற்றி. கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர், மாதம் ஒரு தொகை, பதிலுக்குக் குழந்தையின் படமும் கடிதமும் என்ற ஏற்பாடு புதிதல்ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காக 1937-இல் ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தொடங்கிவைத்தது இதே முறையில்தான். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க அமைப்புகள் ஆசியா முழுக்கக் கொண்டுபோயின. நம் சென்னையிலும் எத்தனையோ விடுதிகள் அப்படி ஓடின. அண்ணன் அப்படி ஒரு விடுதியில் வளர்ந்தவர். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். நம் குழு கூடி, பிள்ளைகளிடம் வருஷத்துக்கு இரண்டு நன்றிக் கடிதமும் ஒரு போட்டோவும் வாங்கி அனுப்பலாம், அப்போதுதான் கொடுப்பவர்களுக்கு ஒரு பிடிப்பு இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தது. அதுவரை சும்மா இருந்த மனுஷர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

டிசம்பர் வந்தால் வாத்தியார் கரும்பலகையில் கடிதத்தை எழுதிப்போடுவாராம். “அன்புள்ள ஆன்ட்டி, நான் நலம். இங்கே நல்ல மழை. நீங்கள் அனுப்பிய பணத்தில் புதுத் துணி வாங்கினேன்.” எல்லாரும் அதையே பார்த்து எழுதி, கீழே ஒரு பூ வரைய வேண்டும். போட்டோ எடுக்கும் நாளில் விடுதிக்கு நல்ல சட்டை ஒன்றே ஒன்று. ஒருவன் போட்டு நிற்பான், ‘க்ளிக்’ என்றதும் கழற்றி அடுத்தவனுக்கு மாட்டுவார்கள். வெயிலில் வியர்த்து, கடைசிப் பையனுக்கு வரும்போது சட்டை முதுகோடு ஒட்டுமாம். இவர் பெயர் ‘வ’வில் தொடங்குவதால் எப்போதும் கடைசி வரிசை. “அந்த ஆன்ட்டி நல்லவங்கதான். அவங்க காசுலதான் நான் படிச்சேன். ஆனா அந்த ஈரச் சட்டை இன்னும் முதுகுல இருக்கு. அந்தப் புள்ளைங்களுக்கு அது வேணாம்மா” என்றார்.

கூட்டத்தில் எதிர்த்தும் பேசினார்கள். யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயம்தான், ஏமாற்று வேலைகள் நடக்காமல் இல்லை. கடைசியில் முடிவானது இதுதான்: பணம் விடுதிக்கும் டியூஷன் ஆசிரியருக்கும் போகும், கணக்கும் ரசீதும் உங்களுக்கு வரும், வருகையும் மதிப்பெண்ணும் பெயரில்லாமல் வரும். முகம் வராது, கடிதம் வராது. பிள்ளையாக எழுத ஆசைப்பட்டால் எழுதட்டும். இப்படி ஒரு திட்டத்தில் இத்தனை பேர் இருப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கப் படம் இல்லை, வரிச் சலுகை இல்லை, சொந்தக்காரர்களிடம் காட்ட ஒன்றுமே இல்லை. இருந்தும் கொடுத்தீர்கள். நான் நன்றி சொல்ல உட்கார்ந்ததே இதற்குத்தான்.

மாதம் இருநூறு முந்நூறுதான் முடியும் என்று கூச்சப்பட்டுக்கொண்டு கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தத் தொகையை பாங்க் வழியாக அனுப்பினால் கட்டணத்துக்கே போதாது. அதனால் அதைச் சேர்த்துவைத்து, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் பள்ளி நூலகத்துக்குக் கதைப் புத்தகங்களாக வாங்கினோம். வழக்கமான பத்து சதவீதக் கழிவுக்கு மேலேயும் சில கடைக்காரர்கள் தாமாகவே குறைத்தார்கள். ஒருவர், காட்சி முடிகிற நாளில், “இதைத் திரும்ப குடோனுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு அங்கேயே போகட்டும்” என்று சிறுவர் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டி நிறைய அள்ளிக் கொடுத்தார். சும்மா கொடுப்பதைக்கூட வியாபாரக் கணக்காகச் சொல்லிக் கொடுப்பது ஒரு கலை. பெட்டிகளைக் கட்டி, விலாசம் எழுதி, தபால் நிலையம் வரை ஆட்டோவில் கொண்டுபோன கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கவில்லை என்பதையும் சென்னைக்காரர்களுக்காகப் பதிவு செய்துவைக்கிறேன்.

இங்கிருந்தே கொப்பியும் பையும் மொத்தமாக வாங்கி அனுப்பலாமே, ஆண்டர்சன் தெருவில் மலிவாகக் கிடைக்குமே என்று இன்னமும் சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம். கூலியும் சுங்கமும் சேர்ந்தால் மலிவு போய்விடும். ஹட்டன் கடைக்காரருக்கும் பிழைப்பு வேண்டும்.

2022-ஐ மறக்க முடியாது. இலங்கையில் தாள் தட்டுப்பாட்டால் பரீட்சையையே தள்ளிவைத்த வருஷம் அது. சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் சில மாதங்களில் 360-ஐத் தொட்டது. நாம் அனுப்பும் இந்தியப் பணத்துக்கு அங்கே அதிக ரூபாய் கிடைக்கிறதே என்று இங்கே சிலர் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தச் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. உணவுப்பொருளில் அதைவிடக் கூடுதல். ரொட்டிக்குக் கோதுமை மாவு வாங்க முடியாமல் பிள்ளைகள் வெறும் தேநீரோடு வகுப்புக்கு வந்தார்கள் என்று அங்கே நம் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சேர் (‘சார்’ என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எழுதியிருந்தார். தமிழ்நாட்டு அரசின் அரிசியும் பால்மாவும் மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது எல்லாருக்கும் தெரியும். அதே மாதம் யாரும் கேட்காமலேயே உங்களில் பலர் ஒரு வருஷத் தொகையை முன்கூட்டியே அனுப்பினீர்கள். அது வெளியே தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சேர் ஓய்வுபெற்ற ஆசிரியர். லயங்களுக்குத் தனி விலாசம் இல்லாததால் கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. முக்கியமான கடிதம் எதுவும் அங்கே தூங்கிவிடக் கூடாதென்று பிள்ளைகள் எல்லாரும் தன் வீட்டு விலாசத்தைக் கொடுக்கும்படி செய்துவிட்டார். மழையோ பனியோ, அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவார். பஸ் செலவை வாங்கிக்கொள்ளச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார். சேர், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்த வருஷமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

“நம்ம ஊர்ல ஏழைப் புள்ளைங்க இல்லையா?” என்று கேட்டவர்களுக்கும் நன்றி. இருக்கிறார்கள், கேட்ட ஒவ்வொருவருக்கும் வியாசர்பாடியில் ஒரு தலைமை ஆசிரியரின் எண்ணைக் கொடுத்தேன். சிலர் உண்மையாகவே போய் உதவிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அடுத்த கூட்டத்திலும் வந்து அதையே கேட்பார்கள் என்று நினைக்கிறேன். என் ஆச்சி தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர், தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் இந்தப் பக்கம் வந்துசேர்ந்தவர். அவருடைய தங்கை அந்தப் பக்கக் கணக்கில் விழுந்தார். அதனால் எனக்கு அது வெளிநாடாகப் படுவதில்லை. உங்களுக்கு அப்படிப் பட்டாலும் தவறில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒரு பெண் பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், உயர்தரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். சேர் இரண்டு தடவை கொழும்புக்கே போய்ப் பார்த்துப் பேசினார். தங்கச்சி படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினானாம். அவனுக்குச் செலவு செய்த நீலாங்கரைத் தம்பதியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் போன் செய்தேன். “சரி, தங்கச்சி எத்தனையாவது படிக்குது?” என்றார்கள். அவள் பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் முதல் விடுதியில் இருக்கிறாள்.

அடுத்த தவணை விடுதிக் கட்டணத்துக்கான பட்டியல் தயாராகிவிட்டது. மாற்றம் ஏதும் இருந்தால் மாத முடிவுக்குள் சொல்லுங்கள். யாரையாவது விட்டிருந்தால் போன் போட்டுத் திட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் அயனாவரத்து அக்கா