நவம்பர் 1: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகள் செல்விக்கு,

நவம்பர் 1 அன்று நம் குமரி மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவது ஏன் என்று உன்னுடன் பணிபுரியும் சென்னைத் தோழி கேட்டதாகவும், உன்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நீ கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1956-இல் அந்த நாளில்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு இணைந்தது. அரசு அலுவலகங்களில் மலையாளமே கோலோச்சிய காலத்தில், சொந்த நிலத்துப் பத்திரத்தைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்த தலைமுறை உன் பாட்டியுடையது. மார்ஷல் நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் இணைப்புப் போராட்டத்தை அந்த வேதனையிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிரிழந்தவர்கள், இணைப்பைக் காணாமலேயே போனார்கள்.

ஆனால், அந்நாளை வெற்றி நாளாக மட்டும் உன் தோழியிடம் சொல்லிவிடாதே. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீருமேடும் அன்றே கேரளத்தில் நின்றுவிட்டன. சென்னை மாநிலத்திலிருந்து மலபார் கேரளத்துக்கும், கொள்ளேகால் மைசூருக்கும் சென்றன. திருத்தணிக்கு அன்றும் விடிவு வரவில்லை. அது ஆந்திரத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம்மிடம் வந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர்நீத்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், புதிய எல்லைகளோடு அமைந்த மாநிலம் பழைய பெயரையே தாங்கி நின்றது. அப்பெயருக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய 1967 ஜூலை 18-ஐத்தான் இப்போது தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுகிறோம். முன்பு தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்பட்ட நவம்பர் 1, எல்லைப் போராட்டத் தியாகிகளின் நாளாயிற்று. இந்த மாற்றம் பற்றி நம் ஊரிலேயே இரு கருத்துகள் உண்டு. பெயருக்கு ஒரு நாளும் மண்ணுக்கு ஒரு நாளும் இருப்பது சரியே என்பது என் எண்ணம்.

இந்த ஆண்டு அந்த நாளில் ஊருக்கு வா. நாகர்கோவிலில் நேசமணி மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, மார்த்தாண்டம் வழியாகப் புதுக்கடை வரை சேர்ந்தே போய் வருவோம். முடிந்தால் அந்தத் தோழியையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் மாமா