பிள்ளைகளுக்கும் அளந்து பார்க்கலாமே

ஆசிரியருக்கு,

‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டம் நடுத்தர வயதினருக்கும் முதியோருக்கும் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே தருவது பெரிய உதவிதான். ஆயினும், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டினரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருவதாக 2007-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு காட்டியிருக்க, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொற்றாநோய்களுக்கான தேசிய அளவிலான பரிசோதனையை 30 வயதில் தொடங்குவது தாமதமே.

எங்கள் தெருவில், தந்தை மாதந்தோறும் மாத்திரை பெறும் ஒரு வீட்டில், இருபதுகளில் இருக்கும் மகனின் உயர் ரத்த அழுத்தம் ரத்ததான முகாமில்தான் தெரியவந்தது. இளையோரில் பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படாது (உப்பையும் உடல் எடையையும் குறைப்பதே போதுமானதாக இருக்கலாம்) என்றாலும், அளந்தால்தானே தெரியும்? மாத்திரை தர வரும் தன்னார்வலர், நோயாளியின் 18 வயது கடந்த பிள்ளைகளுக்கும், நோயாளிக்கு அளக்கும் அதே கருவியால் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்யுமாறு நலவாழ்வுத் துறை ஆணையிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி