கபடிக் களத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் வணக்கம்.

சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவு நாளான 2024 டிசம்பர் 26 அன்று மாலை ஊர்க்கூட்டம் எங்களிடம் ஒப்படைத்த களம் போடும் வேலை இப்போது முடிந்தது. கபடிக் களத்துக்குப் போய்த் 'திருப்பணி' என்று நோட்டீஸ் அடித்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். முதல் பணமே மாரியம்மன் திருவிழா மிச்சத்திலிருந்துதான் வந்தது. பெயரை மாற்ற மனம் வரவில்லை.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆள் கிடைக்கும் என்பது கணக்கு. ஆள் கிடைத்தது. அந்த மாதங்களில் எவர் கையிலும் காசு இருக்காது என்பதை யோசிக்காமல் விட்டது எங்கள் தவறு. ஊர் வரி வசூல் ஜூலைக்குத் தள்ளிப்போய், டிராக்டர்காரருக்குக் கடன் சொல்ல வேண்டியதாயிற்று.

இளைய உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, 2005 கோடையில் நம் அணி வெளியூர்ப் போட்டிக்குப் போனபோது ஏழு பேர் தேறவில்லை. ஐந்து பேரே இறங்கினார்கள். இருப்பவர் அத்தனை பேரும் அவுட்டானால், வராதவர்களையும் அவுட்டாகச் சேர்த்துக்கொள்வது ஆட்ட விதி. நடுவர் விதிப்படிதான் செய்தார். தோற்றுத் திரும்பிய அந்த ஐவரில் மூவர் இந்தக் குழுவில் இருக்கிறோம்.

கரையோரம் இருந்த பழைய களம் சுனாமிச் சேற்றில் புதைந்ததிலிருந்து நமக்குச் சொந்தக் களம் இல்லை. பள்ளித் திடலில் ஆடினோம். அங்கே போட்ட கொட்டகையை 2018 நவம்பரில் கஜா புயல் தூக்கிப்போனது.

இடத்தைப் பற்றிய சண்டை எல்லாரும் அறிந்ததே. வீடெல்லாம் உள்ளே சுனாமி குடியிருப்பில் இருக்க, களம் மட்டும் எதற்குக் கரையோரம் என்று கேட்டதில் நியாயம் உண்டு. பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பப் பயப்படும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். கடைசியில் தீர்த்துவைத்தது மண்தான். பழைய இடத்தை முழங்கால் ஆழம் தோண்டினோம். மேலே மணல்; அதன் கீழே கடல் கொண்டுவந்து போட்ட கறுப்புச் சேறு, காய்ந்து ஓடு மாதிரி; அதற்கும் கீழே விரல் கனத்துக்குச் செம்மண்ணும் மரத்தூளும். மரத்தூள் மக்கித் தேயிலைத் தூள் போலிருந்தது. 2004 பொங்கல் போட்டிக்கு அதைக் கொட்டியவர் ஒருவர் குழிக்குள் நின்றிருந்தார். ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, பேசாமல் மேலே ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சேற்றை முழுக்க அள்ளிவிட்டு, பழைய மண்மேலேயே 32 டிராக்டர் செம்மண் போட்டு அடித்திருக்கிறோம். மரத்தூள் படகுப் பட்டறையிலிருந்து இலவசம். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர் என்று ஒரே களத்தில் இரண்டு அளவுக்கும் கோடு உண்டு. விளக்குக் கம்பத்தில் முதலில் மாட்டிய கிளாம்புகள் உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் துருப்பிடித்தன. விற்றவர் போனை எடுக்கவில்லை. மாற்றிய செலவு தனி.

வரவு ரூ.3,42,600. செலவு ரூ.3,51,100. துண்டு விழும் ரூ.8,500-ஐ நிலுவை வரியில் சரிக்கட்டுவோம். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டாம் என்று முடிவு; தயவுசெய்து எழுத வைக்காதீர்கள்.

இன்னொன்று. களம் காலியாகத்தானே கிடக்கிறது என்று வலை காயப்போடுகிறீர்கள். மரத்தூளில் மீன்முள் கிடந்து பெண்பிள்ளைகளின் முழங்காலைக் கிழிக்கிறது. வலைக்குத் தெற்குப் பக்கம் இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்