பிக்காசும் ஆட்டமும்: ஓவியம் பழகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நடனப் படங்கள் வந்து சேர்ந்தன. கை, கால், முகம் எல்லாம் அளவாக அமைந்திருக்கின்றன, ஆட்டம் மட்டும் வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். நான் ஜெரார்ட் செகோட்டோ என்ற ஓவியரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

தென்னாப்பிரிக்காவில் போட்சாபெலோ என்ற கிறிஸ்தவ மிஷன் ஊரில் 1913இல் பிறந்தவர். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, ஓவியம்தான் இனி என்று 1939இல் ஜோஹானஸ்பர்க்கின் சோஃபியாடவுனுக்கு வந்தார். கறுப்பின மக்கள் சொந்தமாக மனை வாங்க முடிந்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தெருக்களைப் பழுப்புக் காகிதத்தில் போஸ்டர் வண்ணத்தால் தீட்டத் தொடங்கினார். மறு வருடமே 'மஞ்சள் வீடுகள்' என்ற படத்தை ஜோஹானஸ்பர்க் கலைக்கூடம் வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரின் படம் அங்கே சேர்ந்தது அதுவே முதல் முறை.

ஆனால் நீ தேடிப் பார்க்க வேண்டியது 'பிக்காசின் பாட்டு'. பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட்டில் குடும்பத்தோடு இருந்தபோது, 1946-47இல் வரைந்தது. கூலியாட்கள் வரிசையாக நின்று, தரையைக் கொத்தும் பிக்காசை ஓங்குகிறார்கள். எல்லா உடம்பும் ஒரே சாய்வில், எல்லாக் கையும் ஒரே உயரத்தில். பாட்டுக்கு இசைந்து வேலை செய்கிறவர்களின் உடம்பு அப்படித்தான் ஆகும். எதிரே வெள்ளைக்கார மேஸ்திரி, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒல்லியாக நிற்கிறான். ஒரு புகைப்படத்தைப் பார்த்துப் பிறந்த ஓவியம் இது. ஆனால் பலம் முழுவதையும் செகோட்டோ உழைப்பவர்களின் தோளில் ஏற்றிவிட்டார். ஓங்கிய பிக்காசு இறங்கப்போகும் அந்த நொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்னொன்று, அதே வருடங்களில் வரைந்த 'வாசலுக்கு ஆறு பென்ஸ்'. கூடாரத்துக்குள் ஜூலு இன மக்களின் ஆட்டம் நடக்கிறது, உள்ளே போக ஆறு பென்ஸ் கட்டணம். செகோட்டோ வரைந்ததோ வெளியே நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை! ஆடுபவர் ஒருவரையும் காட்டாமல், எட்டிப் பார்க்கும் கழுத்துகளிலும் தோள்களிலும் அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நானாக இருந்தால் கூடாரத்துக்குள் ஓடியிருப்பேன்.

1947இல் அவர் பாரிஸுக்குப் போனார். அங்கே வயிற்றுப்பாட்டுக்காக இரவு விடுதிகளில் பியானோ வாசித்தார். 1993இல் பிரான்ஸிலேயே இறந்தார், ஊர் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தாலும் அவர் வரைந்த சோஃபியாடவுன் இருந்திருக்காது. 1955இல் வெள்ளையர் அரசாங்கம் அங்கிருந்த கறுப்பின மக்களை லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்தத் தொடங்கியது, பிறகு வீடுகளை இடித்து, இடத்துக்கு 'வெற்றி' என்று பொருள்படும் 'டிரியோம்ஃப்' என்ற பெயரையும் வைத்தது. இடிபட்ட தெருவின் மஞ்சள் வெயில் அந்த 'மஞ்சள் வீடுகள்' படத்தில்தான் இருக்கிறது.

அடுத்த முறை ஆட்டம் நடக்கும் இடத்துக்குப் போனால் ஆடுபவர்களைச் சற்று மறந்துவிடு. பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முதுகுகளை மட்டும் ஒரு மணி நேரம் வரைந்து எனக்கு அனுப்பு. கோடு கோணினாலும் அழிக்காதே.

அன்புடன்,
அண்ணன்