அந்தச் சாறு சைவம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை வீட்டில் மாற்றி மாற்றிப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் சாப்பாட்டைப் பற்றிய பத்தியில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, அங்கே சாப்பாட்டுச் செலவு கையைக் கடிக்கும், தொக்கும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு போங்கள் என்ற யோசனை. இன்னொன்று, உடோன் என்கிற பருமனான கோதுமை நூடுல்ஸ் சைவம்தான், கறி இல்லாததாகப் பார்த்து வாங்கினால் போதும் என்று எழுதியது. முதலாவது அவரவர் அபிப்பிராயம். இரண்டாவது தப்பு.

மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். போன நவம்பரில் நானும் மனைவியும் அவனோடு 15 நாள் இருந்தோம். அவன் ஆபீஸ் கிளம்பியதும் நாங்களும் ரயில் ஏறிவிடுவோம். மதியச் சாப்பாடு அநேகமாக ரயில் நிலையத்தில் நின்றபடி சாப்பிடும் கடைகளில்தான். நாற்காலியே கிடையாது. நெஞ்சுயர மேடை, அதற்குப் பின்னால் கொதிக்கும் அண்டா. வாசலில் இருக்கும் மெஷினில் காசு போட்டு, படத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் சின்னச் சீட்டு ஒன்று வரும். அதை மேடையில் வைக்க வேண்டும். முதல் நாள் மேடைக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஏதோ கேட்டார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். "சோபா? உடோன்?" என்று மறுபடி கேட்டார். சோபா என்பது இன்னொரு வகை நூடுல்ஸ்; ஒரே சீட்டுக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் போடுவார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கிண்ணம் ஒரு நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். பக்கத்தில் கோட்டு சூட்டு போட்டவர்கள் சர்ர்ரென்று உறிஞ்சுவார்கள். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடித்து, கிண்ணத்தை அவர்களே மேடைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விலை 450 யென் சுமாருக்கு. நாங்கள் போனபோது 100 யென் நம் காசில் 60 ரூபாய்க்குள். ஒரு வேளைச் சாப்பாடு 270 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. நம் ஊர் ஏர்போர்ட்டில் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

என் மனைவி சனிக்கிழமை அசைவம் தொடமாட்டாள். முதல் சனிக்கிழமை அவளுக்கு 'கிட்சுனே உடோன்' வாங்கினேன். கிட்சுனே என்றால் நரி. பயப்பட வேண்டாம், நரிக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு; மேலே வைப்பது இனிப்புச் சாற்றில் ஊறிய பொரித்த டோஃபு (சோயா பனீர்) மட்டுமே. கறித் துண்டு இல்லை, மீன் துண்டு இல்லை. "ரசம் மாதிரி இருக்கு" என்று கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

சாயங்காலம் ஒரு தெருக்கடையில் 'தாய்யாக்கி' சுட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் வடிவ அச்சில் மாவை ஊற்றி, நடுவில் இனிப்பான சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து மூடிச் சுடுவது. செதில், வால், கண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே மீன் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். சனிக்கிழமையும் அதுவுமாக மீன் உருவத்தைக் கடிப்பதா என்று மறுத்துவிட்டாள். இரண்டையும் நானே தின்றேன்.

மறுநாள் மகன் எங்களை ஒசாகாவின் தோத்தோன்போரி கடைவீதிக்கு அழைத்துப் போய் 'தாக்கோயாக்கி' வாங்கித் தந்தான். குழிப்பணியாரச் சட்டியேதான், குழிகள் மட்டும் ஏகப்பட்டது. தண்ணீராகக் கரைத்த கோதுமை மாவைக் குழி தெரியாமல் வழிய வழிய ஊற்றி, பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய் எல்லாம் தூவி, கம்பியால் கால் வட்டம் திருப்பி, வழிந்த மாவை உள்ளே தள்ளி, மறுபடி திருப்பி உருண்டையாக்குகிறார்கள். 1935-ல் ஒசாகாவில் கடைக்காரர் ஒருவர் ஆரம்பித்து வைத்த பண்டமாம். வெளியே ஆறின மாதிரி தெரியும், உள்ளே எரிமலை. என் நாக்கு இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. மேலே சாஸ் ஊற்றி, மரத்தூள் சுருள் மாதிரி ஒன்றைத் தூவித் தந்தார்கள். சூட்டுக்கு அது உயிருள்ளதுபோல் நெளிந்தது. வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. நான் தூத்துக்குடிக்காரன், எனக்குத் தெரியாமல் போகுமா? மாசி!

மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் வருமே, அந்த மாசிக் கருவாடு. அவர்கள் அதைக் 'கட்சுவோபுஷி' என்கிறார்கள். அதே சூரை மீன், அதே வேலை: வேகவைத்து, புகையில் போட்டு, கட்டையாகக் காயவைப்பது. நாம் உரலில் இடிப்போம். அவர்கள் இழைப்புளி மாதிரி ஒன்றில் சீவுகிறார்கள். குரோமோன் சந்தையில் முழுக் கட்டைகளைப் பார்த்தேன். இரண்டைத் தட்டினால் விறகு மோதுகிற சத்தம்.

அன்றிரவு மகனைத் தனியாகக் கேட்டேன். சிரித்தான். "மேலே தூவறது மட்டும் இல்லப்பா, நேத்து அம்மா குடிச்ச சாறே அதுதான்." கொம்பு என்கிற கடற்பாசியையும் இந்தச் சீவலையும் வெந்நீரில் போட்டு இறக்கும் சாறுக்கு டாஷி என்று பெயர். உடோன், மிசோ சூப், டெம்புரா என்கிற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, பல சமயம் தாக்கோயாக்கி மாவு, எல்லாவற்றிலும் அது உண்டு. கறி, மீன் வேண்டாம் என்று சொன்னால் துண்டுகளைத்தான் எடுத்துவிடுவார்கள். சாறு அப்படியே இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கு அது உப்பு மாதிரி. புத்த மடங்களின் 'ஷோஜின்' சமையலில் மட்டும் கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுப்பார்களாம். அது தெருவில் கிடைக்காது. சைவக்காரர்கள் தெருவில் நம்பி வாங்கக்கூடியது சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மெல்லிய தோலுக்குள் அல்வா மாதிரி இருக்கும், சூப்பர் மார்க்கெட் வாசலில்கூட விற்கிறார்கள்.

தொக்கு விஷயத்துக்கும் ஒரு வார்த்தை: கட்டிக்கொண்டு போக வேண்டாம், அங்கே தின்னும் முறை தெரிந்தால் போதும். ஒசாகாவின் ஷின்செக்காய் பகுதியில் 'குஷிக்கட்சு' என்று கறி, மீன், காய்களைக் குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாஸ் தொட்டி. கடித்ததை மறுபடி தோய்க்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். சாஸ் பற்றவில்லையா, முட்டைக்கோஸ் இலையால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் பாட்டில் வந்துவிட்டதாம். எச்சில் பார்க்கிற ஊரில் நமக்கு என்ன அந்நியம்? ஆனால் வாங்கியதைத் தின்றுகொண்டே நடக்காதீர்கள். காமகுரா நகராட்சி 2019-ல் கொண்டுவந்த பொது இட நாகரிக விதியில் இதுவும் ஒன்று. அபராதம் இல்லை, வேண்டுகோள்தான். கடை அருகிலேயே நின்று தின்று, குச்சியை அங்கேயே கொடுத்துவிடுவது நல்லது. தெருவில் குப்பைத்தொட்டி தேடி நான் ஒரு நாள் முழுக்க நான்கு குச்சிகளைச் சட்டைப்பையில் சுமந்தேன்.

உடோன் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் தயவுசெய்து போடுங்கள். கடிதத்தையும் வெளியிடலாம், என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தச் சனிக்கிழமைச் சங்கதியை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. உங்கள் இதழ் வந்ததும் முதலில் பிரிப்பது அவள்தான்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
தூத்துக்குடி