மலைக்காக எங்களோடு நின்றவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக்காரி. எங்கள் மலையையும் ஊர்களையும் தோண்டி டங்ஸ்டன் என்ற உலோகத்தை எடுக்க விட்ட சுரங்க ஏலம் ரத்து என்று 2025 ஜனவரி 23-ஆம் தேதி செய்தி வந்ததுமே எழுத உட்கார்ந்தேன், அழுகைதான் வந்தது.

முதல் நன்றி சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. 2024 நவம்பர் 7-ஆம் தேதி ஏலம் முடிந்தது என்று அறிவிப்பு வந்தபோது 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரைத் தவிர எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 2,015 ஹெக்டேர் என்றால் எவ்வளவு என்று யாருக்குப் பிடிபடும்? நீங்கள்தான் கோயில் வாசலில் வரைபடத்தை விரித்து, கிட்டத்தட்ட 5,000 ஏக்கர், இது உங்கள் கண்மாய், இது உங்கள் வயல் என்று விரல் வைத்துக் காட்டினீர்கள். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. கிரானைட்டுக்காகப் பக்கத்து ஊர்களில் மலையை அறுத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். மலையில் பெய்கிற மழைதானே சுனையில் ஊறி, ஓடையாக இறங்கி, கண்மாயை நிறைக்கிறது, மலை போனால் அப்புறம் எதை நம்பி நாற்றுப் பாவுவது?

அந்தத் தொகுதிக்குள் வந்த அரிட்டாபட்டியின் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டையும் அங்கே வாழும் லகுடு வல்லூறு என்ற பறவையையும் வெளியூருக்கு எடுத்துச் சொன்ன ஆர்வலர்களுக்கும், அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்று விடாமல் எழுதியவர்களுக்கும் நன்றி. ஆடு மேய்க்கிற எங்கள் தெரு அக்காவிடம் போய்ப் பேசிய நிருபரை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். பட்டா இருப்பவருக்காவது இழப்பீடு என்று ஒரு பேச்சு வரும், மலையடிவாரத்தை நம்பிப் பிழைக்கிற அவரை யார் கணக்கில் எடுப்பார்கள்? அதை நீங்கள்தான் கேட்டீர்கள்.

ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை பேரணியாக எங்களோடு வந்த ஒவ்வொருவருக்கும், கடையடைத்த மேலூர் வியாபாரிகளுக்கும், வழியில் குடம் குடமாக மோர் கொடுத்த அந்த அம்மாவுக்கும் என்ன சொல்வது! உங்கள் ஊர் அந்த வரைபடத்தில் இல்லை, ஆனாலும் வந்தீர்கள்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. வீடு இருக்குமோ இருக்காதோ, எதற்கு என்று சொல்லிவிட்டார் அம்மா. ரத்துச் செய்தி வந்த மறுநாள் காலையில் அவரே சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டுவிட்டார். ஒருநாள் வாங்க, சாப்பிட்டுப் போகலாம்.